கடைசி இரண்டு இடங்கள்

எல் சமான் ஆலைக் குடியிருப்பு
14 செப்டம்பர் 1983

அன்புள்ள ஞானத்தந்தைக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னியுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும். லுசிலாவுக்குப் பல் முளைக்கிறது. இப்போதுதான் தோளில் தூங்கினாள், இறக்கினால் விழித்துக்கொள்வாள் என்று ஒரு கையால் எழுதுகிறேன். ருபியேல் விழித்திருக்கும்போது இதை எழுத முடியாது.

குழந்தையை நீங்கள் இன்னும் மடியில் வாங்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு கோல்ஃப் லீக் வேலை, லீக் வேலை என்று சொன்னால் எத்தனை நாள் நம்புவது? போகட்டும். இன்று எனக்குக் காரியமே லீக் செயலாளரிடம்தான்.

போன டிசம்பரில் இரண்டாம் பிரிவில் ஜெயித்த ருபியேலை முதல் பிரிவுக்கு ஏற்றிக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். அன்றைக்கு இங்கே கோழி அடித்து சங்கோச்சோக் குழம்பு வைத்துத் தெருவுக்கே ஊற்றினோம். "மேல ஏறிட்டேன் யோலி. இனிமே தோன் அர்செசியோ ஆடுற தரையில நானும் ஆடுவேன்" என்று குதித்தார். எனக்கும் பெருமைதான். நான் கல்லூரியில் கணக்குப் படித்தவள். ஆனாலும் பத்துப் பேர் உள்ள பிரிவில் இரண்டு பேர் ஏறினால் இரண்டு பேர் இறங்கியாக வேண்டும், அந்த இரண்டு பேர் யாராக இருக்கலாம் என்பது அன்று என் மண்டையில் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ருபியேல் தோன் அர்செசியோவையே தோற்கடித்துவிட்டார். கடைசிக் குழியில் இவருடைய பந்து விழுந்தபோது ஒருவர்கூடக் கைதட்டவில்லையாம். தோன் அர்செசியோ மட்டும் வந்து கைகொடுத்து, "நல்லா ஆடுற தம்பி. கையப் பத்திரமாப் பாத்துக்கோ" என்றாராம். இவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். மறுநாள் காலை அவருடைய ஆள் ஒருவன் ஒரு கூடை கொய்யாப்பழம் கொண்டுவந்து வைத்தான். வைத்தவன் உடனே போகவில்லை. வீட்டைச் சுற்றி நடந்து, பின்கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனான்.

உங்களுக்குத் தெரியாததா? இந்தப் பள்ளத்தாக்கில் கரும்பு ஏற்றுகிற லாரிகள் அவருடையவை. அவற்றில் துப்பாக்கியோடு போகிறவர்களும் அவருடையவர்கள். பதினெட்டு வருஷமாக முதல் பிரிவை விட்டு இறங்காத மனிதர், இந்தத் தோல்வியோடு ஒன்பதாவது இடத்துக்கு வந்துவிட்டார்.

நேற்றுக் கடையில் பெர்த்தாவைப் பார்த்தேன். போன வருஷம் கடைசி ஆட்டத்துக்கு உங்கள் ஊருக்கு வரும் வழியில், மலைச்சாலையில் வண்டியோடு பள்ளத்தில் விழுந்து செத்தாரே நிகானோர், அவர் மனைவி. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய், "உன் வீட்டுக்காரர எப்படியாவது கீழ இறக்கிடு. சண்டை போடு, கால உடை, என்னமோ பண்ணு. அங்க மட்டும் இருக்க விடாத" என்றாள்.

ருபியேலை இப்போதே இரண்டாம் பிரிவுக்கு அனுப்ப வழி உண்டா?

உங்கள் மகள்
யோலிமா


வில்லா ரோசல்
20 செப்டம்பர் 1983

என் செல்ல மகள் யோலிமாவுக்கு,

ஈரத்துணியைச் சுருட்டிக் குழந்தையின் வாயில் கொடு. அந்த வயதில் நீ என் விரலைத்தான் கடித்தாய். வராததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் ஒத்துழைத்தால் கிறிஸ்துமஸுக்கு வருவேன்.

கணவனை மேலே ஏற்றிவிடச் சொல்லி மனைவிமார் எனக்கு எழுதியிருக்கிறார்கள். ரோஸ்கோன் ரொட்டிகூட அனுப்பியிருக்கிறார்கள். இறக்கிவிடச் சொல்லி எழுதியவள் நீ ஒருத்திதான்.

நடுவில் யாரையும் இறக்க முடியாது மகளே. டிசம்பர் கடைசி ஆட்டம் முடிந்ததும் பட்டியலில் அடியில் இருக்கும் இருவர் இறங்குவார்கள். இதில் ஒன்றே ஒன்றுதான் விலக்கு. சீசனை முடிக்காதவர் எத்தனை புள்ளி வைத்திருந்தாலும் பத்தாவது இடத்துக்குப் போவார். நாலாவதாக இருந்த நிகானோரை, பாவம், அப்படித்தான் அடியில் போட்டோம். அதனால் ஒன்பதாவதாக இருந்த தோன் அர்செசியோ எட்டுக்கு ஏறித் தப்பினார் என்று வம்பு பேசினார்கள். வளைவான சாலையில் வண்டிகள் விழத்தான் செய்யும். பெர்த்தா துக்கத்தில் இருப்பவள், அவளோடு அதிகம் பேசாதே.

ருபியேலுக்கு விலக விருப்பம் என்றால் தன் கையெழுத்தோடு ஒரு வரி எழுதி அனுப்பட்டும். நானாக எதுவும் செய்ய இயலாது.

ஆசீர்வாதங்களுடன்
பெனிக்னோ


எல் சமான்
25 நவம்பர் 1983

அன்புள்ள ஞானத்தந்தைக்கு,

இரண்டு மாதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். விலகல் என்ற பேச்சை எடுத்தாலே ருபியேல் மட்டைகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறார்.

"அப்ப தோத்தாவது தொலைங்க" என்றேன்.

"எந்தக் குழியில தோக்கணும்னு குறிச்சுக் குடு, உன் ஞானத்தகப்பன்கிட்ட முத்திரை வாங்கிட்டு வரேன்."

"விளையாட்டு இல்லைங்க. பெர்த்தா சொல்றதைக் கேளுங்க."

"நிகானோர் குடிச்சிட்டு ஓட்டினான், யோலி. நான் குடிக்கிறதில்ல."

நிகானோரும் குடித்ததில்லை என்று பெர்த்தா சொல்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் தோன் அர்செசியோ நேரில் வந்தார். ருபியேல் ஆலையில் இருந்தார். நான் காப்பி கொடுத்தேன். குழந்தையை என் கையிலிருந்து அவரே வாங்கிக்கொண்டார். மனிதர் குழந்தையை நன்றாகவே தூக்குகிறார், அவளும் அழவில்லை.

"உங்க ஜீப்பு பிரேக்கு எப்படிம்மா?"

"நல்லாத்தான் இருக்குங்க."

"மலை ஏத்தத்துல பிரேக்க நம்பக் கூடாது. டிசம்பர் நாலாந்தேதி வில்லா ரோசல்ல கடைசி ஆட்டம் இருக்குல்ல, ருபியேல் என் வண்டியிலயே வரட்டும். என் ஆளு ஓட்டுவான்."

"நீங்களும் கூடப் போவீங்களா?"

"நான் முந்தின நாளே போயிடுவேன். வயசாயிடுச்சு, தங்கி ரெஸ்ட் எடுத்தாத்தான் ஆட முடியும்" என்று சொல்லி, குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்தார்.

ருபியேலிடம் சொன்னேன். "பாத்தியா, எவ்வளவு பெரிய மனுஷன். தோக்கடிச்சவனுக்கே வண்டி அனுப்புறாரு" என்று பூரிக்கிறார்.

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

யோலிமா


வில்லா ரோசல்
29 நவம்பர் 1983

மகளே,

அவசரமாக எழுதுகிறேன். பெரியவர் வீடு தேடி வந்து அழைத்ததை மறுக்க வேண்டாம். மறுத்தால் அது வேறு விதமாகப் போகும். ருபியேல் அந்த வண்டியிலேயே வரட்டும். என் வீடும் இந்தச் சாலையில்தான் இருக்கிறது, எனக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு என்பதை நினைத்துக்கொள்.

இன்னும் சில நாள்தான். அடுத்த சீசனில் ருபியேல் இரண்டாம் பிரிவில் இருப்பான். நீ கேட்டதுதானே அது? பிறகு நிம்மதியாகத் தூங்கு.

பெனிக்னோ


எல் சமான்
1 டிசம்பர் 1983

ஞானத்தந்தைக்கு,

உங்கள் கடிதம் மதியம் வந்தது. முதலில் வாசித்தபோது சந்தோஷப்பட்டேன். இரண்டாம் பிரிவுக்கு வந்துவிடுவார், நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்று குழந்தையைத் தூக்கிச் சுற்றினேன்.

பிறகு புள்ளிகளைப் பார்த்தேன். ருபியேல் மூன்றாவது இடத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு குழியில்கூடப் பந்து விழாவிட்டாலும் ஆறாவதுக்குக் கீழே போக வழியில்லை. தோன் அர்செசியோ எவ்வளவு நன்றாக ஆடினாலும் எட்டாவது ஆளை எட்ட முடியாது. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ருபியேல் இறங்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அதைச் செப்டம்பரில் எனக்கு விளக்கி எழுதியவர் நீங்கள்.

இறங்கலாம் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாம் பிரிவில் இருப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்களுக்கு எப்போது தெரியும், யார் சொன்னார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. போன வருஷமும் முன்னாலேயே தெரியுமா என்றும் கேட்கமாட்டேன். என்னை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தியது உங்கள் கைகள். அது ஒன்றைத்தான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இத்துடன் ருபியேலின் விலகல் கடிதம் இருக்கிறது. கையெழுத்தை நான் போட்டேன். அவருடைய சம்பளச் சீட்டை வைத்துப் பழகிப் போட்டது, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்தாலும் உங்களுக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டாம். இதை ஏற்று, கிடைத்த அன்றைக்கே அவரைப் பத்தாவது இடத்தில் போடுங்கள். தோன் அர்செசியோ சனிக்கிழமை அங்கே வந்ததும் அவர் கண்ணில் படும்படி கிளப் வாசலில் ஒட்டுங்கள். அவர் எட்டாவதாகிவிடுவார். அதற்கு மேல் அவருக்கு எங்களால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

ருபியேல் என்னை மன்னிக்கமாட்டார். அந்தப் பிரிவுக்கு ஏறியதுதான் தன் வாழ்க்கையிலேயே தானாகச் செய்த ஒரே காரியம் என்று நினைக்கிறவர். என் முகத்தைப் பார்க்காமல் கடைசிவரை இந்த வீட்டில் நடமாடட்டும். நடமாடினால் போதும்.

பேருந்து ஓட்டுநர் விடியற்காலையில் இதை உங்கள் கையிலேயே தருவார். சாயங்கால வண்டி திரும்பும்வரை அங்கேதான் இருப்பார். ஏற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி அவரிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அதைக் காட்டித்தான் ருபியேலை நிறுத்த முடியும், என் பேச்சுக்கு நிற்கமாட்டார்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

யோலிமா