பந்தல் பிரிக்கும் வரை

பௌர்ணமி, வியாழன்

கிட்டாருக்கு ஆம்ப் ஒலி தரும் இலவச மென்பொருள் நான்கை மாற்றிப் பார்த்தும் இரைச்சல் போகவில்லை. கிட்டாரைக் கணினியில் இணைக்கும் இன்டர்ஃபேஸைப் புதிதாக வாங்கியும் போகவில்லை. எதிரே கிரிவல அன்னதானப் பந்தலுக்கு லைட் போட வந்த சலீம் பாய்தான் இன்று சொன்னார்: “உங்க வீட்டு லைன்ல எர்த்தே இல்லீங்க. எதுல வாசிச்சாலும் இரையும்.”

எர்த் புதைக்கத் தரையைத் தோண்ட வீட்டுக்காரர் விடமாட்டார். நாளைக்குள் சென்னைக்குப் பாட்டு அனுப்பியாக வேண்டும்.

பந்தலுக்குப் புதைத்த எர்த்திலிருந்து பாய் எனக்கும் ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தார். “பந்தல் பிரிக்கிற வரைக்கும் வச்சிக்கோங்க.”

இரைச்சல் சுத்தமாக நின்றது. எந்த ஆம்ப் ஒலி பாட்டுக்குப் பொருந்தும் என்று, நேரம் போவது தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

திடீரென்று பழைய இரைச்சல். எட்டிப் பார்த்தேன், பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரெக்கார்ட் பட்டனை நான் ஒரு தடவைகூட அழுத்தியிருக்கவில்லை.