மூடியிருக்கும்போது மூன்று

19.1.2009, திங்கள்

என் பைக்கின் கணினியில் பதினான்காவது மறுபதிவு. காலை ஆறரை மணிக்கு இரும்புலியூரிலிருந்து பெருங்களத்தூர் வரை சோதனை ஓட்டம். பின்னிருக்கையில் தீபா. என் டிடிபி நிலையத்தில் மூன்றாண்டுகளாகப் பணிபுரியும் இப்பெண்ணின் நெற்றியே என்னிடமுள்ள ஒரே அளவுகோல். ஆக்சிலேட்டரை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் என் வண்டி வெட்டும். வெட்டும்போதெல்லாம் அவள் நெற்றி என் ஹெல்மெட்டில் இடிக்கும். சென்ற மே மாதம், வண்டி நிறுவனம் கொடுத்த பதிவை நான் தொடுவதற்கு முன்பு, இதே தூரத்தில் முப்பத்தொரு இடிகள். இன்று இரண்டு. அவற்றுள் ஒன்று நாய் குறுக்கே வந்ததால் நேர்ந்தது, கணக்கில் சேராது.

இறங்கியதும் பக்கக் கண்ணாடியில் நெற்றியைப் பார்த்துக்கொண்டாள். "அப்பாடா, இனிமே பொட்டு வெச்ச எடத்துல நிக்கும்க்கா."

இதனினும் மேலான சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்கு வழங்கியதில்லை. எதையுமே வழங்கியதில்லை என்பது வேறு செய்தி. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பொத்தேரி கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்தே ஆங்கிலமும் அட்டவணைகளும் கற்றவள். வண்டி என்ஜினுக்குள் ஒரு கணினி இருக்கிறது, எப்போது எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று சொல்லும், 'மேப்' எனப்படும் அதன் அட்டவணைகளைத் திருத்தி எழுதலாம் என்று ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் படித்த நாள் முதல் எட்டு மாதங்கள். ஜீவரத்தினம் ஆகிய நான் இன்று அதைச் செய்து முடித்தேன் என்று இதனால் பதிவு செய்துகொள்கிறேன்.

4.2.2009, புதன்

குப்புராஜ் இன்று வண்டியை ஓட்டிப் பார்த்தார்.

அவரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். இரும்புலியூரில் ஐந்து மெக்கானிக் கடைகள் இருக்கின்றன. நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி மடிக்கணினியும் கேபிளுமாக வந்து நின்றபோது நான்கில் சிரித்தார்கள். குப்புராஜ் மட்டும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அன்று முதல் அவருக்கு நான் அக்கா, எனக்கு அவர் தம்பி.

பாலம் வரை போய்த் திரும்பியவர் இறங்காமலே, "அக்கா, இன்னா பண்ண இத? நெய்யி மாதிரி போவுது" என்றார். பின்பு, இந்தப் பதிவை மற்ற வண்டிகளுக்கும் ஏற்றலாம், கடை வாசலில் தனிப் பலகை மாட்டலாம், அதில் என் பெயரைப் போடலாம் என்றார். என் பெயர்! பலகையில்! முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன்.

இன்னும் ஆயத்தமாகவில்லை, இது என் வண்டிக்கு மட்டுமே பொருந்தும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். அது நுட்பமான விஷயம் என்றேன்.

15.2.2009, ஞாயிறு

அந்த நுட்பமான விஷயத்தை இங்காவது எழுதிவைக்கலாம்.

இந்த வண்டியை மகேஷ் என்ற மாணவனிடம் வாங்கினேன். படிப்பு முடிந்து ஊருக்குப் போகிறவன். ஒரு கீறல்கூட இல்லாத வண்டி, நானே அங்குலம் அங்குலமாகச் சோதித்தேன் என்று குப்புராஜிடம் அரைமணி நேரம் விளக்கம் அளித்தேன். விழுந்த வண்டி அது. கீறலுக்கு மேல் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறான்.

தெரியவந்த விதம்: ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சென்சார் ஒன்று உண்டு. முழுக்க மூடியிருக்கும்போது அது சுழியம் காட்ட வேண்டும். என் வண்டியில் மூன்று காட்டுகிறது. விழுந்ததில் இடம் பெயர்ந்து, கோணலாகவே இறுக்கப்பட்டிருக்கிறது. நேராக்கலாம் என்றால் இரண்டு திருகுகளின் தலைகளும் மழுங்கியிருக்கின்றன. குப்புராஜிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டினால், என்னை ஏமாற்றி விற்றிருக்கிறான் என்பது தெரிந்துவிடும்.

ஆகவே சென்சாரை விட்டுவிட்டு அட்டவணையைக் கோணலாக்கினேன். மூன்று வரை எதைக் காட்டினாலும் மூடியிருப்பதாகவே கருது, பெட்ரோலை நிறுத்து என்று கணினிக்கு எழுதிக்கொடுத்தேன். என் வண்டிக்கு அது சரி. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் தெளிவாக எழுதியும் வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிய குப்புராஜ், வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று மூடிவிட்டார்.

12.3.2009, வியாழன்

மின்வெட்டு. மடிக்கணினியைக் குப்புராஜ் கடை இன்வெர்ட்டரில் சார்ஜ் போட்டுவிட்டுப் படப்பைக்குத் திருமண அழைப்பிதழ் கொடுக்கப் போனேன். திரும்பும்போது மாலை.

அழைப்பிதழில் மணமகள் பெயரில் பிழை. என் பிழையன்று, அவர்கள் எழுதிக்கொடுத்ததே அப்படி.

27.3.2009, வெள்ளி

திருடிட்டான்.

எப்படி எழுதுவது? வரிசையாக எழுதுகிறேன். பொத்தேரியில் ஆய்வேடுகளைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறேன். டீக்கடை முன்னால் என் வண்டியைப் போலவே நான்கு. மூன்றின் பெட்ரோல் டேங்க்கில் ஸ்டிக்கர்: கே.ஆர். ஸ்மூத். ஒரு மாணவனிடம் விசாரித்தேன். "இரும்புலியூர் குப்புராஜ் அண்ணா மேப்பு ஆன்ட்டி. ஆறு மாசம் அவரே ஒக்காந்து கண்டுபிடிச்சாராம். எங்க காலேஜ்லயே இருவது வண்டிக்கு மேல போட்டுட்டாங்க."

அவரே ஒக்காந்து. ஆறு மாசம். எட்டு மாசம்டா அது. எட்டு மாசம் நான் ஒக்காந்தேன். தீபாவோட நெத்தி வீங்கிச்சு.

பன்னிரண்டாம் தேதி. சார்ஜ் போட்ட நாள்.

ஸ்டூலைத் துடைத்துப் போட்டவரா? அதுகூட இதற்காகத்தானா?

28.3.2009, சனி

கடைக்குப் போனேன். அவர் ஒளிக்கவில்லை. அதுதான் கூடுதலாக வலிக்கிறது. செயின் ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பேசினார்.

"இன்னாக்கா, ஒரு காப்பிதானே எடுத்தேன். உன் மெசின்ல இருந்தது அப்படியேதானே கீது?"

பெயர் போடுவதாகச் சொன்னீர்களே என்றேன்.

"ரெடியில்ல ரெடியில்லன்னு நீதான் ஜவ்வா இழுத்துகினு இருந்தே. சரி, போடறேன்னே வெச்சுக்க. டைப் அடிக்கிற பொம்பள பேர பாத்து எவன் வண்டிய குடுப்பான் சொல்லு. உன் நல்லதுக்குதான் சொல்றேன்."

அவசரகாலத்திற்கென்று எத்தனை வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தேன்! வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை வந்தேன். அவர் பார்க்க ஸ்டார்ட் செய்யப் பிடிக்கவில்லை.

இரவு பல் தேய்க்கும்போதுதான் அந்த மூன்று நினைவுக்கு வந்தது. அவர் எடுத்தது கோணல் அட்டவணை. ஏற்றியது நேரான சென்சார் உள்ள வண்டிகளில்.

29.3.2009, ஞாயிறு

என்ன ஆகும் என்று நிதானமாக யோசித்தேன். நல்ல சென்சாரில் மூன்று என்றால் ஆக்சிலேட்டர் உண்மையிலேயே கொஞ்சம் திறந்திருக்கிறது என்று பொருள். என் அட்டவணையோ அதை மூடியிருப்பதாக எண்ணிப் பெட்ரோலை நிறுத்தும். மெதுவாகத் திரும்பும்போது, ஓட்டுபவர் மெல்லத் திருகும் அந்த இடத்தில், என்ஜின் அணையும். மாணவர்கள் ஒரேயடியாக முறுக்குகிறவர்கள், அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

அணையட்டும். நடுத்தெருவில் நிற்கட்டும். கே.ஆர். ஸ்மூத்தின் பெயர் சந்தி சிரிக்கட்டும். நான் ஏன் போய்ச் சொல்ல வேண்டும்? யார் பெயர் ஒட்டியிருக்கிறதோ அவர் பதில் சொல்லட்டும்.

30.3.2009, திங்கள்

சொல்லவில்லை.

31.3.2009, செவ்வாய்

ஆண்டுக் கணக்கு முடிவு என்று நான்கு கடைகளின் அறிக்கைகள் ஒரே நாளில். வேலை மிகுதி.

வேலை மிகுதி என்பது உண்மை. அதனால்தான் போகவில்லை என்பது உண்மையா?

1.4.2009, புதன்

பொத்தேரி கல்லூரிச் சந்திப்பில் ஒருவர் விழுந்தார். அங்கிருந்து வந்த மாணவி தீபாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ஜெபசீலன். ஆய்வக உதவியாளர், படப்பையிலிருந்து தினமும் வருகிறவர், மாணவரல்லர். ஜிஎஸ்டி சாலையில் வலது பக்கம் திரும்பும்போது, கே.ஆர். ஸ்மூத் ஒட்டிய வண்டி அணைந்து சாய்ந்திருக்கிறது. பின்னால் வந்த பேருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றதாம். மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவு.

மாணவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிதானமாக ஓட்டுகிறவர்தான் விழுவார் என்பதை நானே கணக்கிட்டு வைத்திருந்தேனே.

சனி இரவிலிருந்து புதன் காலை வரை. நான்கு நாட்கள்.

2.4.2009, வியாழன்

மருத்துவமனையில் ஜெபசீலனைப் பார்த்தேன். ஆய்வேடு தட்டச்சு செய்கிறவர் என்று என்னைத் தெரிந்துவைத்திருந்தார். எழுந்து உட்கார முயன்றார். நான் கேட்பதற்கு முன்பே அவராகவே சொன்னார்: "என் தப்புதான் மேடம். கிளட்ச்ச பட்டுனு விட்டுட்டேன் போல. பதினஞ்சு வருஷமா ஓட்டறேன், இப்படி ஆனதில்ல. வண்டி எடுக்கவே இனிமே பயமா இருக்கு."

உங்கள் தவறில்லை என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். அப்போது அவர் மனைவி ஹார்லிக்ஸ் கலந்து எடுத்துவந்தார். எனக்கும் ஒரு டம்ளர். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

3.4.2009, வெள்ளி

குப்புராஜிடம் அனைத்தையும் கூறினேன். விழுந்த வண்டியை வாங்கியது, சென்சார், மூன்று. அவர் என் வண்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த இரண்டு திருகுகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"ஹாக்ஸா பிளேடால தலையில ஒரு கோடு போட்டா கழண்டு வந்துரும். ரெண்டு நிமிச வேலை. இதுக்காக்கா எட்டு மாசம்?"

வண்டிகள் எத்தனை என்று கேட்டேன். இருபத்திரண்டு. அனைத்திலும் பழைய பதிவைத் திரும்ப ஏற்ற வேண்டும், இன்றே அழைக்க வேண்டும் என்றேன். மறுக்கவில்லை. என் எதிரிலேயே செல்போனை எடுத்து ஒவ்வொருவராக அழைத்தார். முதல் அழைப்பில் அவர் கூறியது:

"தம்பி, வண்டிய எடுத்துகினு வா. அது நம்ம மேப்பு இல்லப்பா, டைப்பிங் சென்டர் அக்கா ஒண்ணு போட்டது. தப்பா பூட்ச்சு. ஆமா, லேடீஸ்தான்."

போனை எடுத்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நெய்யாக ஓடிய வரை அவருடையது. எலும்பு முறிந்ததும் என்னுடையது. என் பெயரை ஊரறியச் செய்வதாக வாக்களித்தார். நிறைவேற்றிவிட்டார்.

அவர் சொன்னதில் பொய் எது என்று தேடினேன். அகப்படவில்லை.

5.4.2009, ஞாயிறு

வந்தவை பத்தொன்பது. பழைய பதிவை ஏற்றியவள் நான். ஸ்டிக்கர்களைக் குப்புராஜ் சுரண்டினார். மீதமுள்ளவற்றில் ஜெபசீலனுடையது காவல் நிலைய வாசலில் நிற்கிறது. இரண்டு பேரின் எண்ணுக்குப் பதிலில்லை.

ஆகவே அறிவிப்பு ஒன்று தட்டச்சு செய்தேன், பொத்தேரி விடுதிகளிலும் டீக்கடையிலும் ஒட்டுவதற்கு. அட்டவணை என்னுடையது, பிழை என்னுடையது, என் அனுமதியின்றி எடுக்கப்பட்டது. இதுவரை எளிதாக வந்தது. 'இதன் அபாயத்தை 28ஆம் தேதியே நான் அறிந்திருந்தும் நான்கு நாட்கள் தெரிவிக்காதிருந்தேன்.' இந்த வரியை இருமுறை நீக்கினேன். மூன்றாம் முறை அடித்தபின் நீக்கவில்லை.

ஒரு பிரதியை ஜெபசீலனிடம் நேரில் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். மனைவியிடம் நீட்டினார். அவரும் படித்தார். இம்முறை என்னை உட்காரச் சொல்லவில்லை.

13.4.2009, திங்கள்

இரண்டு பேரும் அறிவிப்பைப் பார்த்து நேராக என் நிலையத்திற்கே வந்தார்கள். ஏற்றிக்கொடுத்தேன். ஜெபசீலன் வண்டியை அவர் மச்சான் கொண்டுவந்தார். அதிலும் முடிந்தது. ஜெபசீலன் அதை விற்கப்போகிறாராம். இப்போது பேருந்தில்தான் போகிறார்.

குப்புராஜ் கடை வாசலில் புதுப் பலகை: வாட்டர் வாஷ் செய்யப்படும்.

10.5.2009, ஞாயிறு

அந்த இரண்டு திருகுகளையும் நானே கழற்றினேன். இரண்டு நிமிடம் அன்று, ஒன்றரை மணி நேரம். பெருவிரலில் பிளேடு கிழித்தது. சென்சாரை நேராக்கினேன். மூடியிருக்கும்போது சுழியம்.

என் அட்டவணை முழுவதையும் அழித்து, நிறுவனம் கொடுத்த பழைய பதிவை ஏற்றினேன். தீபாவை உட்காரவைத்து அதே சாலை, அதே வேகம். முப்பத்தொன்று இருந்த இடத்தில் இன்று ஒன்பது.

ஒன்பதுதான். மீதி இருபத்திரண்டும் அந்தக் கோணல் சென்சாரின் வேலையாக இருந்திருக்கின்றன. நான் எட்டு மாதம் போராடியதும், அவர் திருடியதும், பெரும்பகுதி அதற்கான மருந்துதான்.

பெருங்களத்தூரில் இறங்கியதும் தீபா எத்தனை என்று கேட்டாள். சொன்னேன். நெற்றியைத் தடவிக்கொண்டாள்.

"அப்ப இத்தினி நாளா நான் இன்னாத்துக்குக்கா இடிச்சிக்கினேன்?"

அதற்கு ஒரு நல்ல வாக்கியம் அமைக்கத் திரும்பும் வழியெல்லாம் முயன்றேன். அமையவில்லை. என் தப்புதான் தீபா என்றேன், இரும்புலியூர் சிக்னலில். ஹாரன் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டிருக்கிறது, முதுகில் ஒருமுறை தட்டினாள்.

புதிய குறிப்பேடு வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் ஒரே வரி, அவளுக்கும் புரிகிற தமிழில்: மொதல்ல ஸ்குரூவ பாரு.

ஒன்பதிலிருந்து தொடங்க வேண்டும்.