சூளையடி மேடை

14 மே 2006
கத்திரி வெயில். ரயில் ஜங்ஷனில் குடிநீர் இல்லை என்ற செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுத் தங்கை சௌந்தர்யா வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்தாள். அவள் மாமியார் அருக்காணி அத்தை எதிரே உட்கார்ந்திருந்தார்.

"கல்யாணமாயி ஏழு வருசம் தம்பி. ஒரு தென்னம்புள்ள வச்சிருந்தாகூட பாள வுட்டிருக்கும். தை பொறக்கட்டும், எம்புள்ளைக்கு வேற பொண்ணு பாக்கப் போறேன். தப்பா நெனக்காதீங்க."

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

2 ஜூன்
சௌந்தர்யாவை இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். குறை ஒன்றுமில்லை. பழமலைநாதர் கோயிலில் தொட்டில் கட்டியதும் அவள்தான், செவ்வாய் விரதமும் அவள்தான். மாப்பிள்ளையை யாரும் எங்கும் அழைத்துப் போகவில்லை. ஏன் தோன்றவில்லை யாருக்கும்?

மாப்பிள்ளை பூபாலனிடம் டீக்கடையில் கேட்டேன்.

"எனக்கு என்னா மச்சான், நல்லாத்தான இருக்கேன்" என்றார். டீ ஆறிய பிறகு அவரே சொன்னார்: "கடலூர்ல பாக்கலாம். இங்க வேணாம்."

20 ஜூன்
கடலூர். விந்தில் உயிரணு குறைவு. ஒரு மில்லியில் இரண்டு கோடியாவது இருக்க வேண்டுமாம், நாற்பது லட்சம்தான்.

டாக்டரம்மா முதலில் என்ன வேலை என்று கேட்டார். செராமிக் கம்பெனியில் சூளை எரிப்பது, பன்னிரண்டு வருடமாக. சரக்கு ஆறும்வரை காத்திருக்க மாட்டார்கள். சூட்டோடு இறக்க வேண்டும்.

"உடம்பைவிட ரெண்டு டிகிரி குளிர்ச்சியா இருக்கணும்னுதான் விதைப்பையை வெளியே வச்சிருக்கு" என்றார்.

"நான் தெனம் வேக வச்சிருக்கேன்" என்றார் மாப்பிள்ளை. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். சூடுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லவில்லை. வாய்ப்பு உண்டு என்றார். புது உயிரணு உருவாகக் கிட்டத்தட்ட மூன்று மாதம். அதுவரை சூளைப் பக்கம் போகக் கூடாது.

3 ஜூலை
இடுப்பு வலி என்று சொல்லி மாப்பிள்ளை அச்சுப் பிரிவுக்கு மாறிவிட்டார். களிமண் கரைசலை அச்சில் ஊற்றும் வேலை. "சூளக்காரன் பொம்மைக்கு மூக்கு வைக்கப் போயிட்டாண்டா" என்று கேலியாம். சொல்லும்போது அவரும் சிரித்தார். சௌந்தர்யா சிரிக்கவில்லை.

12 அக்டோபர்
மறு பரிசோதனை. ஐம்பது லட்சம். அவ்வளவுதான். தை வரப் போகிறது.

19 அக்டோபர்
மழைச் செய்திக்காகத் தொழிற்பேட்டைக்குப் போனேன். மாப்பிள்ளை கம்பெனியில் கூரை ஒழுகி அச்சுகள் நனைந்திருந்தன. சாப்பாட்டு நேரம். சூளைச் சுவரை ஒட்டி ஆள் உட்காரும் உயரத்தில் ஒரு செங்கல் மேடை. தூக்குச்சட்டிகள் அதன்மேல் சூடாகிக்கொண்டிருந்தன. வரிசையாக ஆட்கள். நடுவில் நம் மாப்பிள்ளை, சுவரில் சாய்ந்தபடி.

மேடையில் கை வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன்.

"தெனமும் இங்கயா சாப்புடுறீங்க?"

"வேற எங்க மச்சான்? துன்னுட்டு இங்கயே செத்த கண்ணு அசருவோம். வேல மாறுனாலும் எடம் மாறல. இடுப்புக்கு என்னா இதமா..."

நிறுத்தினார். என்னைப் பார்த்தார். எழுந்த வேகத்தில் ரசம் முழுவதும் பக்கத்து ஆள் பச்சமுத்து மடியில்.

"யோவ் பூபாலு! பேயக் கீய பாத்தியா?"

20 அக்டோபர்
சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாராம். தனியாக.

15 ஜனவரி 2007
பொங்கல். சாப்பிட உட்கார்ந்ததும் அத்தை ஆரம்பித்தார்: "கம்மாபுரத்துல ஒரு பொண்ணு இருக்குதாம்..."

வேண்டாமே, இன்றைக்கு வேண்டாமே என்று இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன பொண்ணு பாத்தாலும் இதேதாம்மா" என்றார் மாப்பிள்ளை. "கொற எங்கிட்ட. சூளச் சூட்டுல வந்ததுன்றாங்க. வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கேன். அவள ஒண்ணும் சொல்லாத."

அத்தை, "ஏண்டா, அப்ப இத்தன வருசமா இவள..." என்று தொடங்கி, முடிக்காமல் எழுந்து, சௌந்தர்யா கையிலிருந்த கரண்டியை வாங்கினார். "நீ உக்காரு. நான் போடுறேன்."

29 ஜனவரி
ஒரு கோடியே எண்பது லட்சம்! டாக்டரம்மா, "நம்பிக்கையா இருங்க" என்றார். வாசலுக்கு வந்ததும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஏறும்வரை விடவில்லை.

22 ஏப்ரல்
காலையில் அருக்காணி அத்தை தனியாக என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"தம்பி, உங்க தங்கச்சிக்குத் தள்ளிப் போயிருக்குது. டாக்டரம்மா ஆமான்னுட்டாங்க. மூணு மாசம் முடியிற வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க. நீங்க பேப்பர்காரரு வேற."

சரி அத்தை என்றேன்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "அந்தச் சூளப் பசங்க இன்னமும் அதே மேடையிலதான் குந்தியிருக்குதுங்களாம். சொன்னா சிரிக்குதுங்க. அத மட்டும் பேப்பர்ல எழுதுங்க தம்பி. எம்புள்ள பேரு போடாம."