டெலிபோன் விசாலாட்சியின் கேரியர்

நவ. 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்தது ஒன்றும் காயவில்லை. மகன் துபாய்க்குப் போகும்போது விட்டுப்போன கேமராவை பீரோவிலிருந்து எடுத்து சார்ஜ் போட்டேன். நல்லவேளை, உயிர் இருக்கிறது.

ஞாயிறு தம்பி சேகரும் தங்கை கலாவும் வருகிறார்கள். அம்மாவின் தலைத்திவசம் முடிந்தாயிற்று, இனி அவள் பாத்திரங்களைப் பங்கு வைக்க வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம்: எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி, கடைக்குட்டி முதலில் ஒன்றை எடுக்கும். மூத்தது கடைசி. மூத்தது நான்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மா டெலிபோன் ஆபீசுக்குத் தூக்கிப்போன மூன்றடுக்குப் பித்தளை கேரியர். வாய்விட்டுக் கேட்க மாட்டேன். கேட்டால் கொடுத்துவிடுவார்கள், பிறகு காலம் முழுக்க நான் பிடுங்கிக்கொண்டதாகவே எனக்குத் தோன்றும். ஒரு நல்ல படமாவது இருக்கட்டும்.

கேமராவை ஆட்டோ மோடில் வைத்து எடுத்தேன். ஃபிளாஷ் அடித்ததில் கேரியர் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, சூரியனைப் புடிச்சியா?"

நவ. 12, புதன்

இளவெயில். டயலை M-க்குத் திருப்பினேன். யூடியூப்பில் ஒருத்தர் விளக்குகிறார். வெளிச்சம் நுழையும் துளை, அது திறந்திருக்கும் நேரம், வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ. மூன்றையும் நாமே வைக்க வேண்டும். துளையின் எண் கூடினால் துளை சின்னதாகுமாம். எரிச்சல். அப்புறம்தான் உறைத்தது, பின்னம்! கீழே உள்ள எண் பெருத்தால் பங்கு சிறுக்கும். இதைத்தானே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வருஷா வருஷம் தொண்டை வற்றக் கத்தினேன்.

பளபளவென்று வரட்டுமே என்று கேரியரைப் புளி போட்டுத் தேய்த்தேன். (உள்ளே ஈயம் நன்றாகவே இருக்கிறது.) எடுத்துப் பார்த்தால் பெயரைக் காணோம். மேலடுக்கில் புள்ளி புள்ளியாக 'டெலிபோன் விசாலாட்சி' என்று வெட்டியிருக்கும். தெருவில் இன்னொரு விசாலாட்சி உண்டு. விசேஷ வீடுகளில் பாத்திரம் மாறாமலிருக்க அம்மா அப்படி வெட்டச் சொன்னாள். புள்ளிகளில் படிந்த கறுப்புதான் இத்தனை வருஷமும் எழுத்தைக் காட்டியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டேன். கெட்டிக்காரி.

நவ. 13, வியாழன்

மழை இல்லை. கரண்ட்டும் இல்லை, பராமரிப்பாம். அதுவே நல்லதாயிற்று. ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்தேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் புள்ளிகளுக்குள் நிழல் விழுந்து, பெயர் மெல்ல எழுந்து வந்தது. 'டெலிபோன்' வரும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐஎஸ்ஓ 100. துளை 4. ஸ்டூலில் அரிசிப் பை, அதன்மேல் கேமரா. ஆடாது.

புதுத் தொல்லை: பாத்திரத்தின் வயிற்றில் நான் தெரிகிறேன், புடவையும் கேமராவுமாக. கறுப்புக் குடையைப் பிடித்து மறைத்தேன். கலங்கலாக வந்ததையெல்லாம் அழித்தேன்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் மூவரும் டெலிபோன் ஆபீஸ் வாசலுக்குப் போய் நிற்போம். கீழடுக்கில் எங்களுக்கென்று அம்மா தயிர்சாதம் மிச்சம் வைத்திருப்பாள். மூன்று கை, ஒரு அடுக்கு. வீட்டிலும் ஆபீஸ் வாய்தான் அவளுக்கு. தண்ணீர் கேட்டால்கூட, "லைன்ல இருங்க, வாரேன்."

நவ. 15, சனி

வாங்க: மாவடு, தயிர், வாழை இலை, சேகருக்கு முறுக்கு. கலா கீரனூரிலிருந்து போன். "மொத பஸ்ஸுக்கே வந்துருவேன்க்கா. நீ எதையும் தூக்காதே, இடுப்பு புடிச்சுக்கும்."

ஒரு படமும் எடுக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவ. 16, ஞாயிறு

மூட்டம். கூடமெல்லாம் பாத்திரம். சேகர் சென்னையிலிருந்து வந்து குளித்து உட்கார்ந்தான்.

"மொதக் கை ஒனக்குத்தாண்டா," என்றாள் கலா.

அவன் யோசிக்கவே இல்லை. நேரே கேரியர். "வேற எதுவும் வேணாம்க்கா. நீங்களே எடுத்துக்கங்க."

சாம்பாரைப் பார்ப்பதுபோல அடுப்படிக்குப் போய்விட்டேன். கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். கலா பின்னாலேயே வந்தாள்.

"ஒனக்கு அதுதானே வேணும்? நான் சொல்லட்டா?"

"சொன்னே, பேச மாட்டேன்."

சாப்பாடு ஆனதும், "கட்டுறதுக்கு முன்னாடி ஒரு படம்டா," என்றேன். ஜன்னலோரம் கேரியர். இருவரும் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். பித்தளை வயிற்றில் மூன்று தலை.

"குடை எங்கே?" என்றார் வீட்டுக்காரர்.

"வேண்டாம்."

துளை 4-இல் பெயர் தெளிவு, நாங்கள் கலங்கல். எங்களைப் பிடித்தால் பெயர் கலங்கியது. துளையை 11-க்குச் சுருக்கினேன். இரண்டும் வந்தது. ஆனால் ஷட்டர் ஒரு முழு வினாடி திறந்திருக்கும், யாரும் அசையக் கூடாது. அழுத்தும்போது வாயில் தானாக வந்தது.

"லைன்ல இருங்க."

இருவரும் குபீரென்று சிரித்துவிட்டார்கள். நானும்தான். படத்தில் பெயர் புள்ளி பிசகாமல் இருக்கிறது. அதன் கீழே முகமே இல்லாமல் புகையாக மூன்று பேர். அழிக்கவில்லை.

பாத்திரத்தை வெறுமையாக அனுப்புவது எங்களிடம் இல்லை. மேலே முறுக்கு, நடுவில் மாவடு, கீழடுக்கில் தயிர்சாதம். சொல்லாமல் வைத்தேன்.

பஸ் திருச்சியைத் தாண்டியதும் போன்.

"அக்கா, கீழ் அடுக்குல..."

அப்புறம் பஸ் இரைச்சல் மட்டும்.

"சேகரு, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா."