கல்மார் சர்ச் வாசலில் அட்சதை

தரங்கம்பாடி
1.8.2025

சௌந்தரத்துக்கு,

போனில் பேச மாட்டேன் என்றால் மாட்டேன்தான். பேசினால் பேத்தியைக் காட்டி என் கோபத்தைக் கரைத்துவிடுவாய், தெரியும். அதனால்தான் காகிதத்தில் எழுதி, தம்பி வீரமணியை விட்டுப் போட்டோ எடுத்து உன் செல்லுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பதிலையும் இப்படியே எழுது.

ஆவணி அஸ்தத்தில் எனக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் நம் அறுபதாம் கல்யாணத்துக்கு ஐயரிடம் சொல்லி, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் கொடுத்தாயிற்று. அனுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு ஆடியோடு வந்துவிடுகிறேன் என்று சுவீடனுக்குப் போனவள் நீ. இப்போது டிக்கெட்டைச் செப்டம்பருக்கு மாற்றியாயிற்று என்று மாப்பிள்ளையை விட்டுச் சொல்ல வைக்கிறாய். மகளுக்கு ஆபரேஷன், உடம்பு தேறவில்லை, எல்லாம் சரி. பெண்டாட்டி இல்லாமல் நான் யாருக்குத் தாலி கட்டுவேன்? கோயில் யானைக்கா?

மீன் ஏலத்தில் தலைகாட்ட முடியவில்லை. "என்ன மாப்ள, பொண்ணு ஓடிப்போச்சாமே?" என்று கேட்கிறார்கள்.

பேத்தி பால் குடிக்கிறாளா? அதை மட்டும் தனியாக எழுது.

இப்படிக்கு,
மாரியப்பன்


கல்மார், சுவீடன்
4.8.2025

அன்புள்ள அனு அப்பாவுக்கு,

பேத்தி நன்றாகக் குடிக்கிறாள். கேட்டது உடனே கிடைக்காவிட்டால் உங்களைப் போலவே ஊரைக் கூட்டுகிறாள். அனுவுக்குத் தையல் போட்ட இடம் இன்னும் வலிக்கிறது. குனிந்து பிள்ளையைத் தூக்க நான் விடுவதில்லை. இவளை இப்படியே போட்டுவிட்டு எப்படி வருவேன்? மாப்பிள்ளை உங்களுக்கும் சேர்த்துத்தானே செப்டம்பர் வரை விசா எடுத்தார்? புயல் கொடி ஏற்றிய பிறகும் கடலுக்குப் போகிற மனுஷன், விமானம் என்றதும் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டது யார்?

சனிக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். "வாங்க அத்தை, கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரலாம்" என்று மாப்பிள்ளை ராஜசேகர் ஊர் நடுவில் இருக்கும் பழைய சர்ச்சுக்கு அழைத்துப் போனார். முந்நூறு வருஷத்துக்கும் மேலாக நிற்கிறதாம். பரோக் பாணி என்றார். எனக்குப் பாணியெல்லாம் தெரியாது. நம் ஊர் சர்ச்சுக்கு இது பெரியப்பா, அவ்வளவுதான். வேண்டாம் என்று அவர் சொல்லியும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டேன். தரை ஜில்லென்று காலைப் பிடித்தது. உள்ளே சுவரெல்லாம் வெள்ளை. பீடம் மட்டும் அப்படியே தங்கம்! சாமி சன்னதியில் தீபாராதனை நேரம் மின்னுமே, அது பகல் முழுக்க நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாய் பிளந்து நின்றேன்.

வெளியே வந்தால் வாசலில் கூட்டம். கோட்டுப் போட்ட ஒரு பெரியவர், கையில் பூங்கொத்தோடு ஒரு அம்மா, சுற்றிலும் பிள்ளைகள். பேரப்பிள்ளைகள் அவர்கள் மேல் அரிசியை வாரி வாரிப் போடுகிறார்கள்! அரிசி, அனு அப்பா! மஞ்சள்தான் இல்லை. எனக்குப் புல்லரித்துப்போனது. இங்கேயும் அறுபதாம் கல்யாணம் உண்டு என்றுதானே நான் நினைப்பேன்? நமக்குத்தான் ஆசி கொடுக்கிற கொடுப்பினை இல்லை, வாங்கவாவது வாங்கிக்கொள்வோம் என்று விறுவிறுவெனப் போய் இரண்டு பேர் காலிலும் விழுந்துவிட்டேன்.

நான் மயங்கி விழுந்துவிட்டதாக அவர்கள் பதறிவிட்டார்கள். ஒருவர் தூக்குகிறார், ஒருவர் தண்ணீருக்கு ஓடுகிறார், இன்னொருவர் ஆம்புலன்சுக்குப் போன் போடப் போகிறார். மாப்பிள்ளை முகம் சிவக்கச் சிவக்க விளக்கினார். கேட்டதும் அந்த அம்மா, பெயர் கெர்ஸ்டின், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாளே பார்க்கணும்!

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அதுதான் அவர்களுக்கு முதல் கல்யாணமாம்! நாற்பது வருஷமாகச் சேர்ந்து வாழ்ந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகு இப்போது கட்டிக்கொள்கிறார்கள். "ஏம்மா இவ்வளவு நாள் கழிச்சு?" என்று மாப்பிள்ளையை விட்டுக் கேட்டேன். "இவர் இப்பத்தான் கேட்டார்" என்றாளாம்.

வீடு வரும்வரை எனக்கு அதே நினைப்பு. நீங்கள் ஐயரைக் கேட்டீர்கள், மண்டபத்தில் கேட்டீர்கள், சமையல்காரரைக் கேட்டீர்கள். "சௌந்தரம், என்னை மறுபடி கட்டிக்கிறியா" என்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? எனக்கும் கோபம் வரும், ஆமாம்.

அன்புடன்,
சௌந்தரநாயகி


தரங்கம்பாடி
7.8.2025

அன்புள்ள சௌந்தரத்துக்கு,

முன்பின் தெரியாதவர்கள் காலில் விழுகிறாய், நான் சொன்னால் மட்டும் இடுப்பு வலிக்கும் உனக்கு! வீரமணி படித்துக்காட்டப் பாதியிலேயே சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. மீதியை நானே வாங்கிப் படித்தேன். நல்லவேளை.

ஊர்ப்பேச்சுக்காக நான் கோபப்படவில்லை, சௌந்தரம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நம் கல்யாணத்தன்று நீ தலையே நிமிரவில்லை. தாலி கட்டும்போது உன் வகிட்டைத்தான் பார்த்தேன். ஆல்பத்திலும் அப்படித்தான். பிடிக்காமல் கழுத்தை நீட்டினாளோ என்று ஒரு சந்தேகம், அனு பிறந்து வளர்ந்த பிறகும் மனசில் ஒரு மூலையில் கிடந்தது. இந்தத் தடவையாவது என் முகத்தைப் பார்ப்பாய் என்று ஆசையாக இருந்தேன். அது போச்சே என்றுதான் கத்தினேன்.

மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "எங்க இருந்தாலும் நட்சத்திரம் அதுதானே, கொண்டுபோய்க் கட்டுங்க" என்று ஐயர் தாலியைச் சன்னதியில் வைத்துக் கொடுத்தார். பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டாயிற்று. குலை நடுங்குகிறது. கடலில் விழுந்தால் நீந்தலாம், ஆகாயத்தில் எதைப் பிடித்துக்கொள்வது? இருந்தாலும் வருகிறேன்.

சௌந்தரம், என்னை மறுபடி கட்டிக்கிறியா?

உன்,
மாரியப்பன்


கல்மார்
7.8.2025

என் அனு அப்பாவுக்கு,

கட்டிக்கிறேன். கட்டிக்கிறேன். கட்டிக்கிறேன்.

"அப்பாவா இப்படி எழுதுனாரு?" என்று அனு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள். கெர்ஸ்டினையும் அவள் வீட்டுக்காரரையும் ஆசி சொல்ல அழைத்திருக்கிறோம். நீங்கள் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கருவாட்டைப் பெட்டியில் வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பிடிக்காமலா? அட கிறுக்கு மனுஷா! நீங்கள் பெண் பார்க்க வருவதற்கு முன்னாலேயே நான் உங்களைப் பார்த்தாயிற்று. அண்ணனோடு கரைக்கு வந்திருந்தேன். நீங்கள் படகை இழுத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு அலை வந்து உங்களைக் கவிழ்த்துவிட்டுக் கைலியை உருவிக்கொண்டு போனது. கோவணத்தோடு "ஏ பிடிங்கடா! பிடிங்கடா!" என்று அதன் பின்னாலேயே ஓடினீர்களே! கட்டினால் இந்த ஆளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

மணவறையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்தக் கைலிதான் ஞாபகத்துக்கு வந்தது. நிமிர்ந்திருந்தால் சபை நடுவே வெடித்துச் சிரித்திருப்பேன். அம்மா என் தொடையைக் கிள்ளிக் கிள்ளியே அடக்கினாள்.

இந்தத் தடவை கிள்ள ஆள் இல்லை. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிக்கப் போகிறேன். வாருங்கள்.

உங்கள்,
சௌந்தரம்