கைலி மடிப்பில் இருந்த நெல்

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி,
வெள்ளிக்கிழமை

அன்பு மருமகளே, ஸலாம்.

குத்தகை வயலில் அறுப்பைத் தடுக்க வந்த மிராசுதாரின் ஆட்கள் யூசுப்பைத் தலையில் அடித்தார்கள் என்று கேட்டதிலிருந்து நீ சாப்பிடவில்லையாம். உன் தாய்மாமன் நான், உன் புருஷனுக்குக் காவல் இருக்கிறேன். பெரிய டாக்டர் என்னைக் கேட்காமல் ஊசி போடுவதில்லை. மந்திரிக்கே தந்தி அடித்துவிட்டேன். கழக ஆட்சியில் பதிவான குத்தகையை எவன் பிடுங்குவான்?

மனசு பதறினால் காலைக் குளிர்ந்த தண்ணீரில் வை. மூச்சை மெதுவாக விடு. எல்லாவற்றையும்விட நல்ல வைத்தியம், நெல்லை நகத்தால் உரித்து ஒவ்வொன்றாக மெல்லுவது. நான் நாலாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் இந்த வைத்தியம் எந்த டாக்டருக்கும் தெரியாது.

யூசுப்பின் கைலி மடிப்பில் அந்த வயல் நெல் ஒரு பிடி இருந்தது. கட்டிலடியில் உட்கார்ந்து அதைத்தான் உரித்துக்கொண்டிருந்தேன்.

"பாய், உமியைக் கீழ போடாதீங்க. அவரு கண்ணு முழிச்சாரா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

"எங்க மாப்பிள்ளை தூக்கப் பிரியன்மா, மெதுவாத்தான் முழிப்பான்" என்றேன். அந்தம்மா சிரிக்கவில்லை.

காலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மூச்சையும் விட்டுப் பார்த்தேன். மனசின் பதற்றம் நிற்கவில்லை. மடிப்பில் இருந்த நெல்லும் தீர்ந்துபோயிற்று.

இதைக் கொண்டுவரும் ஜெக்கரியாவோடு அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடு மகளே. உன் குரலைக் கேட்டாவது அவன் கண் திறக்கட்டும்.

உன் மாமு