ஜெர்மனிக்கு ஓர் இடம்

1962 மார்ச் 5, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு ஜொகூர் பக்கம் போய்விட்டது. கீழே இரும்புக்கடையில் தகரம் வெட்டுகிற சத்தம். ஜாலான் புசார் தெருவில் குடியிருந்துகொண்டு தலைவலி என்று சொல்லக் கூடாது.

வாங்க வேண்டியவை: வடிதாள், எலுமிச்சை, அம்மாவுக்குத் தைலம்.

எலுமிச்சை என் விரலுக்கு. ஆராய்ச்சிக்காக மங்குஸ்தான் தோலிலிருந்து இறக்கிய மஞ்சள் சாயம் நகக்கண்ணில் ஏறிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "மஞ்ச பூசின கல்யாணப் பொண்ணு கை மாதிரியே இருக்கு. மாப்பிள்ளையத்தான் காணோம்."

பல்கலைக்கழகத்தில், வேதியியல் துறைப் பலகையில் அறிவிப்பு. ஜெர்மன் அரசாங்க உதவித்தொகை, எங்கள் துறையிலிருந்து ஒருவருக்கு. எந்தப் பல்கலைக்கழகம் என்று நாமே எழுதலாம். எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது! மரப்பட்டை, பிசின், பழத்தோல், எந்தச் சாயத்தைப் பற்றிப் படித்தாலும் கடைசியில் அந்த ஒரே ஜெர்மன் ஊரின் பெயரில்தான் போய் முட்டிக்கொள்கிறேன். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் ஜெர்மன் படிப்பது வேறு எதற்கு?

மார்ச் 8, வியாழன்

மத்தியானம் நல்ல மழை. கேன்டீனில் சிவபாலன் வந்து எதிரே உட்கார்ந்தார். என்னைப் போலவே மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டர், பக்கத்து மேசை. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்ப்பது அவர் ஆராய்ச்சி.

"ஏன் மங்கை, ஜெர்மனியா? லண்டன் கிடைக்கலையா? அந்தப் பட்டத்த இங்க யாரு மதிப்பா லா?"

கோபம் வந்தது. சொன்னேன். அங்கே சாயங்களை எப்படிப் பிரிக்கிறார்கள், எந்தப் பேராசிரியரின் கூடத்தில் என்ன நடக்கிறது, போரில் கூரை போன பிறகும் எப்படி மறுபடி கட்டி எழுப்பினார்கள், ஆனானப்பட்ட லண்டன்காரர்களே தங்கள் கட்டுரைகளில் இவர்களை மேற்கோள் காட்டுவது. நம் பக்கத்துப் பழங்களை அங்கே கொண்டுபோனால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதையும். தேநீர் ஆறிப்போனது.

"இவ்வளவு இருக்கா? எனக்குத் தெரியாம போச்சே" என்றார். காசை அவரே கொடுத்தார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். (13ஆம் தேதி சேர்த்தது: மடச்சி.)

மார்ச் 13, செவ்வாய்

நேர்காணல். நீலப் பட்டுப்புடவை. நடுவில் துறைத் தலைவர், இரண்டு பக்கமும் இரண்டு பேர்.

சிவபாலன் எனக்கு முன்னால் உள்ளே போய் வந்தார். அவர் விண்ணப்பம் போட்டதே அங்கே நாற்காலியில் பார்த்துத்தான் தெரியும். சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நான் பேச ஆரம்பித்ததும் வலப்பக்கத்து ஆள் தலைவரைப் பார்த்தார். தலைவர் பேனாவை மூடினார். போர், கூரை, லண்டன் மேற்கோள். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் அலுப்பு. கடைசியில் தலைவர்: "இதையே அப்படியே இப்போதுதான் மிஸ்டர் சிவபாலனும் சொன்னார். மங்குஸ்தான் உட்பட."

மங்குஸ்தான் உட்பட! தோலைக் கத்தியால் சீவி ஒரு நாளாவது பார்த்திருப்பாரா?

"அது என் வேலை" என்றேன். "ஒரே துறையில் இருப்பவர்கள் பேசிக்கொள்வது இயல்புதானே" என்றார். பிறகு அந்தக் கேள்வி. நடுவில் கல்யாணம் ஆனால் என்ன செய்வீர்கள்? இங்கிலீஷில் மரியாதையாகத்தான் கேட்டார்கள். தமிழில் எழுதினால்தான் எவ்வளவு அசிங்கம் என்று தெரிகிறது.

மார்ச் 15, வியாழன்

அவனுக்குத்தான்.

இனி 'அவர்' கிடையாது, இந்த நோட்டிலாவது.

ஆய்வுக்கூடத்திலேயே கேட்டேன், பையன்கள் இருக்கும்போதே. "நான் சொன்னத எல்லாம் எடுத்து நீங்க சொல்லிருக்கீங்க."

"நீங்க நல்லா சொன்னீங்க மங்கை. அதனாலதான் மனசுல நின்னுச்சு."

"மங்குஸ்தானுமா?"

"பழம் எல்லாருக்கும் பொதுதானே!"

குரலை ஒரு இழைகூட உயர்த்தவில்லை. நான் கத்தினேன். கத்தியவள்தான் எல்லார் கண்ணுக்கும் தப்பாகத் தெரிந்தேன். தலைவர் கூப்பிட்டனுப்பி, பெண்கள் இப்படி உணர்ச்சிவசப்படுவது துறைக்கு நல்லதல்ல என்றார். கூடத்துக்குத் திரும்பிக் கழுவும்போது ஒரு பிப்பெட் குழாய் உடைந்தது. அதற்கும் என் பெயரில்தான் எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் 18, ஞாயிறு

வெயில். சாயங்காலம் வாசலில் கார். சிவபாலனின் அம்மா, பட்டுச் சேலை, கையில் தட்டு: ஆப்பிள், பூ, பலகாரம். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே வந்து என் காதில், "பொண்ணு கேட்டுத்தான் வந்திருக்காங்க. அந்தப் புடவைய மாத்து."

அந்த அம்மாள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "பிள்ளை, நீர் ஜெர்மன் படிச்சிருக்கிறீராம். தம்பிக்கு ஒரு சொல்லும் தெரியாது. போறதுக்கு முன்னம் கொஞ்சம் சொல்லிக் குடுக்க வேணும்."

அம்மாவின் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். அவன் செய்ததையாவது ஒரு நாள் மறப்பேன். இதை மாட்டேன்.

"முடியாதுங்க" என்றேன். "உங்க மகன் எங்கிட்டேருந்து எடுத்துக்கிட்டது போதும். வேற ஏதாவது வேணும்னா அவரையே வந்து கேக்கச் சொல்லுங்க. பதில் அவருக்கே சொல்றேன்."

தட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரவு அம்மா பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தார். பிறகு: "சொல்லிக் குடுத்தா என்ன கொறஞ்சா போயிடுவே? பழகுனா நாளைக்கு அந்தப் பையனுக்கே ஒரு எண்ணம் வராதா?"

அம்மா!

மார்ச் 20, செவ்வாய்

பல் டாக்டர் லிம்மின் மனைவிதான் எனக்கு ஜெர்மன் சொல்லித் தருகிறவர். ஜெர்மன்காரி. சனிக்கிழமை வரை பொறுக்க முடியாமல் இன்றே போனேன். நடந்ததைச் சொன்னேன். "அந்த ஊர்ப் பேராசிரியருக்கு நீயே எழுது. நடுவில் எதற்கு இவர்கள்?" என்றார்.

ஜெர்மனில் எழுதினேன். மஞ்சளைப் பற்றி, வடிதாளில் அது இரண்டாகப் பிரிந்ததைப் பற்றி. ஒரு பக்கம் முழுக்கச் சிவபாலனைத் திட்டியிருந்தேன். திருமதி லிம் படித்து ரசித்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்தார். இலக்கணத் தப்பு இரண்டே இடத்தில். வினைச்சொல் கடைசியில் வரும் பாஷை தமிழச்சிக்கு என்ன சிரமம்!

ஏப்ரல் 10, செவ்வாய்

பதில் வந்தது!

பேராசிரியரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். மஞ்சளைப் பற்றி நான்கு கேள்விகள். நான்கும் என்னைத் தூங்க விடாத கேள்விகள். அரசாங்கப் பல்கலைக்கழகம், கட்டணம் பெயருக்குத்தான். கூடத்தில் உதவியாளர் வேலை தரலாம். வந்து வேலையைக் காட்டிய பிறகுதான் மற்றதெல்லாம் உறுதி. கல்யாணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. திருப்பித் திருப்பித் தேடினேன். இல்லவே இல்லை.

ஏப்ரல் 11, புதன்

தலைவரிடம் விடுப்புக் கேட்டேன். துறை தேர்ந்தெடுத்து அனுப்பினால்தான் விடுப்பாம். சிவபாலனுக்குச் சம்பளத்தோடு விடுப்பு. எனக்குப் போவதென்றால் ராஜினாமா.

"வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டு இங்கேயே இருப்பார்கள்" என்றார்.

அவர் மேசையிலேயே தாள் வாங்கி நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

பஸ்ஸில் வரும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா போன பிறகு என் சம்பளமும் தம்பி சம்பளமும் சேர்ந்துதான் வீடு ஓடுகிறது. தம்பியிடம் முதலில் சொன்னேன். "ஓவர்டைம் பாத்துக்கிறேன் க்கா. போ" என்றான். அம்மாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. சோறு போட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். கரண்டி நின்றது. கத்தட்டும் என்று காத்திருந்தேன்.

மீதிச் சோற்றையும் என் தட்டில் போட்டுவிட்டு அம்மா, "அந்தப் பையன் போற கப்பல்லயா போறே?"

"இல்லம்மா. அதுக்கு முந்தின கப்பல்."